ஏழுக்கு ஓர் இலை

என் மகள் ஒரு வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்ததற்குக் காரணம், சிலந்திக்கு எத்தனை கால் என்று எனக்குத் தெரியாமல் போனதுதான். தெரியாமல் இருந்தது பெரிய குற்றமில்லை. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். நான் திறந்தேன். அதுவும் கேள்வியை யாரும் என்னிடம் கேட்காதபோது.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் தெற்கேயிருந்து கிளம்பி மேற்குத் தாம்பரத்துக்குக் குடிவந்தோம். மனைவிக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எனக்குப் பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. அதாவது, மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். என் தப்பைக் கண்டுபிடிக்க மனைவி இருந்தாள். அவள் அதைச் சம்பளம் இல்லாமலே செய்துவந்தாள்.

மகள் ஊரில் ஒன்றாம் வகுப்பை முடித்திருந்தாள். தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. டூட்டிக்குப் போகும்போது கையோடு விட்டுவிட்டுப் போகலாம் என்று மனைவி அதன்மேல் கண் வைத்திருந்தாள். இரண்டாம் வகுப்பில் சேர்க்குமுன் தலைமை ஆசிரியை நேரில் நாலு கேள்வி கேட்பார் என்றார்கள். அன்று மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மகளை நான் கூட்டிக்கொண்டு போனேன்.

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, மகளைப் பார்த்துக் கேட்டார்.

"சிலந்திக்கு எத்தனை கால்?"

மகள் கண்ணை மேலே உருட்டி யோசித்தாள். எதையும் யோசித்துச் சொல்வது அவளுக்கு அம்மா வழி வந்த பழக்கம். எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை.

"ஆறு" என்றேன்.

"உங்களைக் கேட்கலை, சார்."

"இல்ல மேடம், பூச்சின்னா ஆறு கால்தானே?"

"சிலந்தி பூச்சி இல்லை. எட்டு."

"நான் எட்டுன்னுதான் சொல்ல இருந்தேன்" என்றாள் மகள்.

"நான் சொன்னதுக்கு அப்புறம் சொன்னா அது பதில் இல்லைம்மா" என்றார் தலைமை ஆசிரியை. குரலில் கோபம் இல்லை. அடுத்து, கோழி முட்டை எத்தனை நாளில் பொரிக்கும் என்று கேட்டார். அதற்கும் நானே வாயைத் திறந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கோழி பாவம்.

அவர் விண்ணப்பத்தில் 'ஒன்று' என்று எழுதினார். மறுபடியும் ஒன்றாம் வகுப்பு! எனக்குச் சுருக்கென்றது.

"ஏற்கெனவே முடிச்ச கிளாஸ், மேடம். இதுக்குப் பிள்ளையை இங்க அனுப்பணுமா? நானே வீட்டுல வச்சுச் சொல்லிக் கொடுத்துருவேன். இயற்கைதான் பெரிய பள்ளிக்கூடம்!"

கடைசி வாக்கியம் என்னுடையது அல்ல. முந்தின நாள் பார்த்த ஒரு புரூஃபில் இருந்தது. நான் அதில் ஆச்சரியக்குறியைச் சரிபார்த்தவன், அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியை பேனாவை மூடிவைத்தார். "சரி. அடுத்த ஜூன்ல கூட்டிட்டு வாங்க. டெஸ்ட் வைப்பேன். பாஸ் பண்ணினா நேரா மூணாங் கிளாஸ். இல்லேன்னா ஒண்ணாங் கிளாஸ்தான். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். இதற்கும் மகளை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி தலையில் மாட்டியிருந்த வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"போய் மன்னிப்புக் கேட்டுச் சேர்த்துட்டு வாங்க."

"என் வார்த்தை என்ன ஆகிறது?"

"உங்க வார்த்தையை யாரு கேட்டா? சிலந்திக்கும் யாரும் கேக்கல, இப்பவும் யாரும் கேக்கல."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் கையைக் கழுவிவிட்டாள். "சபதம் போட்டது நீங்க. சொல்லிக் கொடுக்கிறதும் நீங்க. தவறிப்போச்சுன்னா எட்டு வயசுப் பிள்ளை ஆறு வயசுப் பிள்ளைங்களோட உக்காரணும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

மகள் அதை வேறு விதமாக ஞாபகம் வைத்துக்கொண்டாள். அன்று பள்ளிக்கூட வராந்தாவில் கிடந்த ஒன்றாம் வகுப்பு பெஞ்சை அவள் பார்த்திருக்கிறாள். "அப்பா, அது ரொம்பக் குட்டி. அடுத்த வருஷம் எனக்கு முட்டி இடிக்கும்" என்றாள். பிறகு வாரம் ஒரு தடவையாவது சுவரோரம் நின்று உயரத்தைப் பென்சிலால் கோடு போடச் சொல்வாள்.

என் வேலை பகல் பன்னிரண்டுக்குமேல்தான் ஆரம்பம். காலை முழுக்க நான் வீட்டில். மனைவிக்கு ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் நைட் டூட்டி என்று மாறி மாறி வரும். பகல் வாரத்தில் நான் கிளம்பியதும், அவள் வந்து சேரும்வரை மகளை வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொள்வார். நைட் வாரத்தில் அவள் காலையில் வந்து தூங்குவாள். அந்தக் காலைகளில் என் பள்ளிக்கூடம் வாசலுக்கு இடம்பெயரும். சத்தம் போடக் கூடாது. சத்தம் போடாமல் நடத்தக்கூடிய பாடம் என்று பார்த்தால் படம் வரைவதும் செடி கொடி பார்ப்பதும்தான். என் கல்விக் கொள்கை பிறந்த கதை இதுதான். வெளியில் சொல்லும்போது வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் பாடம் சிலந்தி. அவமானப்பட்ட இடத்திலிருந்தே ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். கொல்லையில் கிணற்றுக்கும் துணிக்கொடிக் கம்பத்துக்கும் நடுவே ஒன்று பெரிய வலையாகக் கட்டியிருந்தது. மகள் எண்ணினாள். எட்டு. நானும் எண்ணினேன். எனக்கு ஏழு வந்தது.

"ஒண்ணு மடக்கி வச்சிருக்குப்பா" என்றாள்.

சிலந்தி நகர்ந்த பிறகு அந்த வலையைக் காகிதத்தில் எடுத்தோம். எக்ஸ்ரே ஃபிலிம் சுற்றிவரும் கறுப்புக் காகிதம் ஆஸ்பத்திரியில் குப்பைக்குப் போகும். மனைவி அதில் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள், அலமாரித் தட்டில் விரிக்க. வலைமேல் முகப்பவுடரை மெல்ல ஊதிவிட்டு, பின்னாலிருந்து கறுப்புக் காகிதத்தை நேராகக் கொண்டுபோய் ஒட்டி எடுத்தால் வலை அப்படியே வெள்ளைக் கோலமாக வந்துவிடும். முதல் நாலு தடவை வலை என் முகத்தில் வந்தது. ஐந்தாவது தடவை மகள் தானே எடுத்தாள். அதற்குள் பவுடர் டப்பா காலி. அலமாரித் தட்டுக்குப் பழைய செய்தித்தாள்தான் விரித்தோம்.

வரைய வெள்ளைக் காகிதத்துக்கு நான் அச்சகத்தை நம்பினேன். திருத்தி முடித்த புரூஃப் தாள்களின் பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது? ஆனால் அவை நீளநீளமாக, ஒரு சாண்கூட அகலம் இல்லாமல் பட்டை பட்டையாக இருக்கும். அதனால் என் மகள் அந்த வருடம் வரைந்ததெல்லாம் நீளமான சமாச்சாரங்கள்தான். பனைமரம், முருங்கைக்காய், சாரைப்பாம்பு, மின்சார ரயில். ஒரு நாள் யானை வரையச் சொன்னேன். தும்பிக்கையை மட்டும் வரைந்து, "மிச்சம் அடுத்த பேப்பர்ல" என்றாள். வாசிப்பும் அதே தாள்களில்தான். அவள் முன்பக்கத்தைத் திருப்பி எழுத்துக்கூட்டுவாள். நான் ஓரத்தில் போட்டிருந்த திருத்தக் குறிகளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டாள்.

வர்ணம் கொல்லையிலேயே கிடைத்தது. செம்பருத்தி இதழைக் கசக்கிக் காகிதத்தில் தேய்த்தால் ஊதா. அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பு. சுண்ணாம்பு பட்டால் பச்சை. மஞ்சள் தூளில் சுண்ணாம்பைக் குழைத்தால் ரத்தச் சிவப்பு. சுண்ணாம்புக்கு வீட்டுக்கார அம்மாவின் வெற்றிலைப் பெட்டி.

"இன்னா சார், டெய்லி சுண்ணாம்பு கேக்குற? பாப்பாக்கு வெத்தல போடக் கத்துக் குடுக்குறியா?"

"படிப்புக்கும்மா."

"படிப்புக்கா? எங்க வூட்லயும் நாலு பேரு படிச்சாங்கோ. ஒருத்தனும் சுண்ணாம்பு கேக்கல."

சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. மனைவி தன் டூட்டியை அதில் பென்சிலால் குறித்து வைப்பாள். மகள் அதற்கும் வர்ணம் அடித்தாள். பகல் டூட்டி வாரத்துக்கு மஞ்சள், நைட் டூட்டி வாரத்துக்குச் செம்பருத்தி ஊதா. மாதம் பிறந்ததும் முதல் வேலை அதுதான். சில மாதங்களில் இரண்டு மூன்று தாள்களுக்கு முன்கூட்டியே அடித்துவைத்துவிட்டு, எதையோ முணுமுணுத்துக்கொண்டு விரலை ஓட்டுவாள். ஊதா ஓரங்களில் வழியாமல் கட்டத்துக்குள்ளேயே நிற்கிறது பார் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நடுவில் ஒரு விபத்து. மழைக்காலத்தில் வீட்டுக்கார அம்மாவின் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. ஊரில் எல்லோரும் தீப்பந்தம் கட்டிப் பொசுக்குவார்கள். நான் செருப்புப் பெட்டியை எடுத்தேன். புழு வளர்ந்தால் பட்டாம்பூச்சி. வீட்டுக்குள்ளேயே பட்டாம்பூச்சி பறக்கப்போகிறது என்று மகளுக்கு வாக்குக் கொடுத்து, குச்சியால் ஓர் இருபதைப் பெட்டிக்குள் தள்ளி, மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டேன். தாராளமான ஓட்டை.

மறுநாள் காலை மனைவி கொடியில் காய்ந்த யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனாள். பதினொரு மணிக்கே திரும்பி வந்தாள். கழுத்து, தோள், முழங்கை எல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்திருக்கார். நான் சுவத்துல முதுகைத் தேச்சுக்கிட்டு நிக்கிறேன். ஏம்மா, உனக்கு ஒரு பெட் போடச் சொல்லவான்னு கேக்கிறார். எங்க அந்தப் பெட்டி?"

பெட்டி காலி. பூச்சிகள் எங்கே போயின என்பது அடுத்த மூன்று நாளில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. என் தலையணையில் இரண்டு. வீட்டுக்கார அம்மா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் மூவருக்கும் தேய்த்துவிட்டார். வாசலில் சாம்பல் பூசி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மீன்காரம்மா கூடையை இறக்காமலே கேட்டாள். "இன்னா சார், காசிக்குப் போய்கினு கீறியா?"

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. உயிரோடு நகராத பொருள்களை வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது.

வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் இலையோ பூவோ கண்டுபிடிப்போம் என்றேன். இரண்டுக்கு மந்தாரை இலை. ஒட்டகக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்திருக்கும். மூன்றுக்கு வில்வம். கோயிலுக்குப் போய்க் கேட்டபோது குருக்கள், "அர்ச்சனைக்கா?" என்றார். "வாய்ப்பாட்டுக்கு" என்றேன். சனிக்கிழமை கோயிலில் வில்வம் பறித்தவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடினேன். இரண்டு இடத்திலும் வேண்டிக்கொண்டது ஒன்றைத்தான். நாலுக்கு ஆரைக்கீரை. முடிச்சூர்ப் பக்கம் அப்போது வயல்கள். வரப்போரத் தண்ணீரில் நாலு இதழ் விரித்து மிதக்கும். ஐந்துக்குச் செம்பருத்திப் பூ. ஆறுக்குச் சம்பங்கி. எட்டுக்குக் கேட்கவே வேண்டாம், சிலந்தி. ஒன்பதுக்குப் பத்து விரலில் ஒன்றை மடக்கினால் தீர்ந்தது.

இலை பூக்களைப் பழைய டைரிக்குள் வைத்து அழுத்தி, சிலந்தியை வரைந்து வெட்டி, பக்கத்துக்குப் பத்து என்று ஒட்டினோம். மகள் பக்கத்தைத் தடவிப் பார்த்தே சொல்வாள். வில்வம் ஏழு, இருபத்தொண்ணு. ஆரை ஒன்பது, முப்பத்தாறு. நான் பூரித்துப் போனேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை எல்லாம் பிடித்துவைத்து இந்த முறையை விளக்கினேன். சிலர் குரோம்பேட்டையிலேயே இறங்கிக்கொண்டார்கள்.

நடுவில் ஏழு இல்லாததைக் கவனித்தீர்களா? நானும் ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

ஏழுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தாம்பரத்தில் ஏழிதழ்ப் பூ பூக்கவில்லை. இலவமரத்து இலையில் ஏழு விரல் இருக்கும் என்று நினைத்தேன். பறித்தால் ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஏழு, ஒன்றில் எட்டு. ஆமணக்கைப் பார்த்தால் எட்டு, ஒன்பது. பூக்கடைக்காரர் என்னைக் கண்டாலே கூடையைத் துணியால் மூட ஆரம்பித்தார்.

"அப்பா, ஏழுக்கு இலை இல்லேன்னா ஏழாம் வாய்ப்பாடு இல்லைதானே?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் தலைமை ஆசிரியை ஒப்புக்கொள்ள மாட்டார்.

வருடக் கடைசியில் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் நண்பர் ஒருவர், "ஏழிலைப்பாலைன்னு ஒரு மரம் இருக்கே சார். பேர்லயே ஏழு. எங்க பம்மல்ல தோல் கிடங்குக் காம்பவுண்டுல ஒண்ணு நிக்குது" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. கையெல்லாம் மை என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன். தோல் ஊறவைக்கும் நாற்றம் பல்லாவரத்திலேயே எங்களை வரவேற்றது. மகள் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, கொள்ளைக்காரி மாதிரி நடந்துவந்தாள். மரம் உண்மையிலேயே இருந்தது. ஒவ்வொரு காம்பு நுனியிலும் இலைகள் வட்டமாகக் குடைபோல விரிந்திருந்தன. நான் காவலாளியிடம் ஒரு பீடிக்கட்டைக் கொடுத்து, தாழ்ந்த கிளையை வளைத்துப் பிடித்தேன்.

"எண்ணு!"

"ஆறு" என்றாள் மகள்.

"வேற கொத்தைப் பாரு."

"இது எட்டு. இது அஞ்சு. இது... ஆறு."

"ஒண்ணுகூடவா ஏழு இல்லை?"

"இருக்குப்பா. இதோ ஏழு. ஆனா ஒரு இலையில பாதியப் பூச்சி தின்னுடுச்சு. ஆறரை."

காவலாளி பீடியைப் பற்றவைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். "இன்னா சார், ஞாயித்துக்கெழம அதுவுமா எலைய எண்ணிகினு கீற? வூட்ல எதுனா பேஜாரா?"

"ஏழு வேணும்ங்க."

"ஏழா? எடுத்துக்க சார். எட்டா எடுத்துக்கோ. இன்னா இப்போ."

திரும்பும்போது பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து, "பரவாயில்லப்பா, அந்த டீச்சர் ஏழு கேக்க மாட்டாங்க" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமைக்கு ஏழு வயதுப் பெண்ணை நான் கொண்டுவந்துவிட்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிஜமாகவே பயந்தேன். இந்த விளையாட்டில் தோற்றால் குட்டி பெஞ்சில் முட்டி இடிக்க உட்காரப்போவது நான் இல்லையே.

மே மாதம் பிறந்ததும் மனைவி பொறுமை இழந்தாள். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலுன்னு நாலு நாள் கத்தவிட்டா வந்துட்டுப் போகுது. ஊரு உலகம் அப்படித்தானே படிச்சுது?" என்று மகளை உட்காரவைத்தாள். மகள் 'மூவேழு' வரை போவாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இது எந்த இலைப்பா?" என்பாள். அது நாங்கள் ஒட்டிவைத்த வில்வம் ஏழுதான் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. மனைவி என்னைப் பார்ப்பாள். நான் கூரையில் ஓடு எண்ணுவேன்.

சுவரில் பென்சில் கோடு மூன்று விரற்கடை ஏறியிருந்தது. ஜூன் வந்துவிட்டது.

டெஸ்ட் அன்று மனைவிக்கு மறுபடியும் லீவு கிடைக்கவில்லை. "வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. தலைமை ஆசிரியை என்னை மறந்திருக்கவில்லை. மகளை மட்டும் உள்ளே அழைத்து, எனக்கு வெளியே ஜன்னலோரம் ஒரு பெஞ்சைக் காட்டினார். பக்கத்தில் காவலுக்குப் பியூன்.

"சார், அம்மா சொல்லிட்டாங்கோ. நீ கம்முனு குந்து. வாயத் தொறந்தா கேட்டாண்ட இட்டுகினு போவச் சொன்னாங்கோ."

அந்த பெஞ்ச் ஒன்றாம் வகுப்பு பெஞ்ச். எனக்கு முட்டி இடித்தது.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது. வாசிக்கச் சொன்னார். மகள் கடகடவென்று வாசித்தாள். சொல்வதை எழுதச் சொன்னார். எழுதினாள்.

"இது என்னம்மா, எழுத்துமேல வால் மாதிரி?"

"தப்பா எழுதிட்டேன் மேடம். அதை எடுத்துருங்கன்னு அர்த்தம். ஓரத்துல சரியா எழுதியிருக்கேன்."

உள்ளே காகிதம் புரண்டது. பிறகு கணக்கு. மூவைந்து, பதினைந்து. ஆறாறு, முப்பத்தாறு. எட்டொன்பது, எழுபத்திரண்டு. மகளின் விரல்கள் மேசை ஓரத்தில் டைரிப் பக்கத்தைத் தடவுவதுபோல ஊர்ந்துகொண்டிருந்தன. நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நாலேழு?"

நிமிர்ந்தவன் அப்படியே குனிந்துகொண்டேன்.

மகள் மேலே பார்த்தாள். பதில் சொல்லுமுன் அவள் கண் எங்கேயோ போய்விட்டு வந்தது. "இருபத்தெட்டு."

தலைமை ஆசிரியை அவள் பார்வை போன வழியே திரும்பிப் பார்த்தார். சுவரில் மாதக் காலண்டர். அவர் எழுந்து போய் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். நாற்காலிக்குத் திரும்பி வந்தார்.

"எட்டேழு?"

காலண்டரில் அவ்வளவு நாள் கிடையாது. அது எனக்கே தெரியும். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. ஒரு விரல் மடங்கியது, இன்னொன்று மடங்கியது. மௌனம் நீண்டது. எனக்கு மௌனம் ஆகாது என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். ஐம்பத்துநாலு என்று என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. பியூன் என் தோளில் கையை வைத்து அழுத்தினார். அந்தக் கைக்கு நான் இன்றுவரை நன்றியுள்ளவன்.

"ஐம்பத்தாறு" என்றாள் மகள்.

"எப்படிச் சொன்னே?"

"எங்கம்மாவுக்கு ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் நைட் டூட்டி, மேடம். பகல்னா மஞ்சள் கலர். நைட்னா ஊதா. நாலு வாரம் அடிச்சா இருபத்தெட்டு கட்டம். மறுபடி நாலு வாரம் அடிச்சா இன்னொரு இருபத்தெட்டு. ஊதா எப்ப முடியும்னு நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். ஊதாவுல அம்மா ராத்திரி வீட்டுல இருக்க மாட்டாங்க."

"அப்பா சொல்லிக் கொடுத்தாரா?"

"இல்ல மேடம். அப்பாவுக்கு ஏழு கிடைக்கல. ரொம்பத் தேடினாங்க. பம்மல் வரைக்கும் போனாங்க."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. வருடம் முழுக்க அந்தக் காலண்டருக்கு எதிரே உட்கார்ந்துதான் காபி குடித்திருக்கிறேன். ஏழு மஞ்சள், ஏழு ஊதா, ஏழு மஞ்சள், ஏழு ஊதா. வர்ணம் வழியவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. மகள் எதற்காக விரலை ஓட்டுகிறாள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஒரே இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தலைமை ஆசிரியை என்னை உள்ளே கூப்பிட்டார். விண்ணப்பத்தில் வகுப்பு என்ற இடத்தில் 'மூன்று' என்று எழுதிக்கொண்டிருந்தார். நல்ல, தெளிவான கையெழுத்து. திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெஞ்ச் பெரிசாப்பா?" என்று கிசுகிசுத்தாள்.

வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. அந்த வெற்றி என்னுடையது இல்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

"மேடம், ஒரு சின்ன விண்ணப்பம். இங்க இருக்கிற பிள்ளைங்களுக்கும் நான் வாரத்துல ஒரு நாள் வந்து இலை, பூ, வர்ணம், சிலந்தி வலை எல்லாம் சொல்லிக் கொடுக்கட்டுமா? காலையில எனக்கு ஓய்வுதான். எந்த நாள்னு நீங்களே சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்க்காமல் மையை ஒற்றினார்.

"உங்களுக்கு ஏழு நாளும் லீவு, சார்."